இருமல் இல்லாத பிள்ளையின் பையில் இருமல் மருந்து இருந்தால்

நீங்கள் கேட்டதை முதலில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், இதே கவலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். உங்கள் 15 வயது மகனின் பள்ளிப் பையில் இரண்டு காலி இருமல் மருந்து பாட்டில்களும், மாத்திரை முழுக்கத் தீர்ந்த ஒரு சளி மாத்திரை அட்டையும் இருந்தன. வீட்டில் யாருக்கும் இருமல் இல்லை. கேட்டதற்கு "ஃப்ரெண்டோடது" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டான். டாக்டர் சீட்டு இல்லாமல் கிடைக்கும் மருந்துகளில் எவற்றைப் பிள்ளைகள் தவறாக எடுக்கிறார்கள், அதை எப்படிக் கண்டுபிடிப்பது, எல்லா மருந்தையும் பூட்டி வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களைத் தூங்கவிடாமல் செய்வது கடைசியில் எழுதியிருக்கும் கேள்வி என்று நினைக்கிறேன்: அவன் என்னிடம் பொய் சொல்கிறானா, அவனை இழந்துவிடாமல் இதை எப்படிக் கேட்பது? நான் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் வைத்தியம் பார்க்கும் மருத்துவர். அவசரப் பிரிவிலும் பல வருடங்கள் இருந்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன். உங்கள் மகனை நேரில் பார்க்காமல் அவனைப் பற்றித் தீர்ப்பு சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். எழுப்பினாலும் சரியாக எழாமல் இருந்தால், பேச்சு குழறினால், இல்லாத ஒன்றைப் பார்ப்பது போலப் பேசினால், வலிப்பு வந்தால், மூச்சு மெதுவானால், நெஞ்சு கன்னாபின்னாவென்று அடிப்பதாகச் சொன்னால் மேற்கொண்டு படிக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நினைவு மங்கியிருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாய்க்குள் எதையும் ஊற்றாதீர்கள், தனியாக விடாதீர்கள். அந்தப் பாட்டில்களையும் அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். அவன் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறான், ஆனால் கடந்த ஓரிரு நாளில் நிறைய விழுங்கியிருப்பானோ என்று சந்தேகம் இருந்தாலும் போகத்தான் வேண்டும். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

இப்போது அந்தக் காலி பாட்டில்கள். அவற்றை வைத்து உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று: வீட்டில் இருக்கும் நோய்க்கு மீறி மருந்து செலவாகியிருக்கிறது. அதற்கு மேல் எல்லாம் ஊகம். நண்பனுடையது என்பது உண்மையாகவே இருக்கலாம். குப்பையை நம் தலையில் கட்டிவிட்டுப் போகும் நண்பர்கள் எல்லா வகுப்பிலும் உண்டு. ஒருமுறை என்னதான் ஆகும் என்று பார்த்திருக்கலாம். தூக்கம் வராமல் தூங்குவதற்காகக் குடித்திருக்கலாம். கொஞ்ச காலமாக வழக்கமாகவே நடந்துகொண்டிருக்கலாம். மனம் உடைந்து தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்திலும் எடுத்திருக்கலாம். இந்த ஐந்துக்கும் நீங்கள் செய்ய வேண்டியது வேறு வேறு. பாட்டிலைப் பார்த்தவுடன் ஒன்றை முடிவு செய்துகொண்டு அவன் முன்னால் போய் நிற்காதீர்கள் என்று சொல்வது அதனால்தான்.

அடுத்து பாட்டிலைத் திருப்பி, சின்ன எழுத்தில் அச்சிட்டிருக்கும் பகுதியைப் படியுங்கள். முன்பக்கப் பெயர் எதையும் சொல்லாது. 'டெக்ஸ்ட்ரோமெத்தார்பன்' என்று இருக்கிறதா பாருங்கள். வறட்டு இருமலை அடக்கும் மருந்து அது. சொன்ன அளவில் எடுத்தால் பெரும்பாலானவர்களுக்குப் பாதுகாப்பானது. 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வழக்கமான மேல்வரம்பு ஒரு நாளைக்கு 120 மில்லிகிராம். அதைப் பல மடங்கு மீறும்போது அது இருமல் மருந்தாக மட்டும் நிற்பதில்லை. மூளை செல்களில் ரசாயனச் செய்திகளை வாங்கிக்கொள்ளும் என்எம்டிஏ என்ற ஏற்பியைத் தடுக்கிறது. மயக்க மருந்தான கெட்டமினும் அங்கேதான் வேலை செய்கிறது. அதனால்தான் உடம்பிலிருந்து விலகிப் போனது போன்ற உணர்வும், காலமும் இடமும் கலைந்துபோவதும், இல்லாத காட்சிகள் தெரிவதும். இந்த மருந்தை உடம்பு உடைத்து வெளியேற்றும் வேகமும் எல்லோருக்கும் ஒன்றல்ல. சிலருக்குப் பிறவியிலேயே அந்த நொதி மந்தம். நண்பன் எடுத்து ஒன்றும் ஆகாத அளவு இன்னொருவனை அவசரப் பிரிவுக்குக் கொண்டுவருவதற்கு அது ஒரு காரணம். மனச்சோர்வுக்காக, மூளையில் செரட்டோனின் என்ற ரசாயனத்தின் செயலைக் கூட்டும் மாத்திரை எடுக்கும் பிள்ளை என்றால் ஆபத்து இன்னும் ஒரு படி மேலே. இரண்டும் சேர்ந்து கடும் காய்ச்சலும் நடுக்கமும் தசை இறுக்கமுமாக உயிருக்கே வினையாகலாம்.

ஆனால் என்னை அதிகம் பயமுறுத்துவது டெக்ஸ்ட்ரோமெத்தார்பனை விட, அதே பாட்டிலில் கூடவே வரும் மற்ற மருந்துகள். சளி, இருமல், காய்ச்சல் மூன்றுக்கும் சேர்த்துத் தயாரித்த கலவைகளில் பாராசிட்டமாலும் இருக்கலாம், குளோர்பெனிரமின் போன்ற ஒவ்வாமை மருந்தும் இருக்கலாம், மூக்கடைப்புக்கான மருந்தும் இருக்கலாம். போதைக்காக ஒன்றைத் தேடிப் போகும் பிள்ளை மற்ற மூன்றையும் சேர்த்தே பல மடங்கு விழுங்குகிறான். மூக்கடைப்பு மருந்து இரத்த அழுத்தத்தை ஏற்றும். ஒவ்வாமை மருந்து குழப்பத்தையும் வேகமான இதயத் துடிப்பையும் கொண்டுவரும். பாராசிட்டமால் கல்லீரலைப் பிடிக்கும்.

பாராசிட்டமாலைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பெற்றோர்கள் ஏமாந்துபோவது இங்கேதான். வளர்ந்த ஒருவருக்கே ஒரு நாளின் மேல்வரம்பு 4 கிராம். 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் எட்டு. எடை குறைந்தவர்களுக்கு இதுவும் அதிகம். வழக்கமான அளவில் எடுக்கும்போது உருவாகும் ஒரு சிறு நச்சுப்பொருளை, கல்லீரலில் இருக்கும் குளுட்டத்தயோன் உடனுக்குடன் சுத்தம் செய்துவிடும். அளவு மீறினால் அந்தக் கையிருப்பு தீர்ந்துபோய், நச்சு கல்லீரல் செல்களையே தாக்கத் தொடங்குகிறது. இதெல்லாம் உள்ளே நடக்கும்போது வெளியே என்ன தெரியும்? முதல் 24 மணி நேரத்தில் லேசான குமட்டல், கொஞ்சம் சோர்வு, சில சமயம் அதுவும் கிடையாது. பிள்ளை எழுந்து பள்ளிக்கூடம்கூடப் போய்விடுவான். கல்லீரல் பாதிப்பு அதற்குப் பிறகுதான் வெளியே தெரிய ஆரம்பித்து, மூன்றாம் நாள், நான்காம் நாள் வாக்கில் உச்சத்துக்குப் போகும். மாற்று மருந்து இருக்கிறது, அசிட்டைல்சிஸ்டீன் என்று பெயர். விழுங்கிய 8 மணி நேரத்துக்குள் தொடங்கிவிட்டால் கல்லீரலை ஏறக்குறைய முழுமையாகக் காப்பாற்றிவிடலாம். அதன் பிறகும் கொடுப்போம், பலனும் உண்டு, ஆனால் தாமதம் ஆக ஆகப் பலன் குறையும். ஆகவே ஒரு பிள்ளை "நான் நிறைய எடுத்துட்டேன்" என்று எத்தனை மணிக்கு வாய் திறக்கிறான் என்பதில்தான் அவன் உயிர் இருக்கிறது. திட்டுக்குப் பயந்து காலை வரை மறைக்கும் பிள்ளைக்கு அந்த 8 மணி நேரம் தூக்கத்திலேயே கழிந்துவிடும். இந்தப் பதிலில் மற்றது எல்லாம் மறந்தாலும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தவறாக எடுக்கப்படும் மற்ற மருந்துகளைச் சீக்கிரமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வாமைக்கும் தூக்கத்துக்கும் விற்கப்படும் டைபென்ஹைட்ரமின், அளவு மீறினால் வலிப்பையும் இதயத் துடிப்புக் கோளாறையும் கொண்டுவரும். டிக்டாக்கில் பரவிய ஒரு சவாலால் பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் போனதும், உயிரிழந்ததும் தெரியவந்து, 2020 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. வயிற்றுப்போக்குக்கான லோபரமைடைப் பற்றியும் அதே அமைப்பு 2016இல் எச்சரித்தது. மிக அதிகமாக எடுத்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுபோகலாம். அபின் குடும்பத்தைச் சேர்ந்த கோடீன் கலந்த இருமல் மருந்தும் வலி மாத்திரையும் தனி வகை. கோடீன் உடம்பில் மார்பினாக மாறும், மூச்சை அடக்கும், பழக்கமும் ஆகும். இளைஞர்கள் சிலர் இறந்த பிறகு பிரான்ஸ் 2017இல் கோடீனைச் சீட்டு இருந்தால் மட்டுமே கிடைக்கும் மருந்தாக மாற்றியது. ஆஸ்திரேலியா 2018இல் அதே முடிவுக்கு வந்தது. மற்ற இடங்களில் சட்டம் வேறு மாதிரி இருக்கலாம், மருந்து ஒன்றுதான்.

இதுவரை சொன்னதெல்லாம் போதைக்காக எடுப்பது. பெற்றோர் கண்ணில் படாமல் நழுவுவது வேறு காரணங்களுக்காக எடுப்பது. உடம்பு இளைக்க வேண்டும் என்று பேதி மாத்திரை எடுக்கும் பெண் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், ஆண் பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். சாப்பிட்டதன் கலோரி பெரும்பாலும் சிறுகுடலிலேயே உடம்பில் சேர்ந்துவிடும். இந்த மாத்திரைகளின் வேலை அதற்கும் கீழே பெருங்குடலில். எடை இயந்திரத்தில் குறைவது தண்ணீர்தான். கூடவே பொட்டாசியமும் போய் இதயத் துடிப்பைக் கெடுக்கும். பரீட்சைக்கு விழித்திருக்கக் காஃபின் மாத்திரை, படபடப்பு அடங்க ஒவ்வாமை மாத்திரை என்று எடுப்பவர்களும் உண்டு. தலைவலிக்கு வலி மாத்திரை தினசரி எடுக்கிற பிள்ளைகள் எல்லோரையும் விட அதிகம். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ சாதாரண வலி மாத்திரையை மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து எடுத்தால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கிவிடும். கலவை மாத்திரை என்றால் 10 நாளே போதும். இந்தப் பிள்ளைகள் யாரும் தங்களைத் தப்பு செய்பவர்களாக நினைப்பதில்லை. அதனால் "போதைக்கு ஏதாவது எடுக்கிறாயா?" என்று கேட்டால் "இல்லை" என்று முழு மனதோடு சொல்வார்கள். "இந்த மாதம் எத்தனை நாள் மாத்திரை போட்டாய், எதற்குப் போட்டாய்?" என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும்.

சரி, அறிகுறிகள். மருந்து உள்ளே இருக்கும் நேரத்தில் தெரிபவை ஓரளவு நம்பக்கூடியவை. கண்மணி விரிந்திருக்கும், கண் விழிகள் பக்கவாட்டில் துடிக்கும், வியர்க்கும், நடை தடுமாறும், காலை விறைப்பாக எடுத்து வைப்பான், பேச்சு இழுக்கும், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் வரும். கோடீன் என்றால் நேர்மாறாகக் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, தூங்கி வழிவான். மற்றபடி எங்கும் சொல்லப்படும் பட்டியல் இருக்கிறதே, கதவைச் சாத்திக்கொள்கிறான், நண்பர்களை மாற்றிவிட்டான், எரிந்து விழுகிறான், மதியம் வரை தூங்குகிறான், மதிப்பெண் குறைந்துவிட்டது என்று, அவை எதையும் நிரூபிப்பதில்லை. 15 வயதில் ஆரோக்கியமான பிள்ளைகளிடமும் அவை உண்டு. அவற்றில் பல ஒரே நேரத்தில், சில வாரங்களுக்குள் திடீரென்று வந்திருந்தால் கவனியுங்கள். அப்போதும் காரணம் மருந்தாக இல்லாமல் மனச்சோர்வாகவோ பள்ளியில் யாரோ கொடுக்கும் தொல்லையாகவோ இருக்கலாம்.

மருந்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டவற்றை நான் அதிகம் நம்புவேன். வீட்டு மருந்துப் பெட்டியில் எண்ணிக்கை குறைகிறது. திறக்காமல் வைத்த பாட்டில் பாதியாகிறது, அல்லது தண்ணீர் கலந்தது போல நிறம் வெளிறி இருக்கிறது. குப்பையில் போடாமல் பையிலும் மெத்தைக்கு அடியிலும் காலி அட்டைகள் இருக்கின்றன. கேட்காத பார்சல் வருகிறது. சளி இல்லாதபோது மூச்சில் மருந்து வாசனை அடிக்கிறது. சிறுநீர் சோதனைக் கருவியை வாங்கலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். வீட்டில் வாங்கும் சாதாரணக் கருவிகள் பெரும்பாலும் டெக்ஸ்ட்ரோமெத்தார்பனைத் தேடுவதே இல்லை. சில சமயம் அது வேறொரு போதைப்பொருள் என்று பொய்யாகவும் காட்டிவிடும். 'இல்லை' என்று வந்தால் நீங்கள் தவறாக நிம்மதி அடைவீர்கள். 'ஆம்' என்று வந்தால் செய்யாத ஒன்றுக்காக அவனைக் குற்றம் சாட்டுவீர்கள்.

இனி, அவனிடம் எப்படிக் கேட்பது. மயக்கத்திலோ கோபத்திலோ இருக்கும் நேரத்தில் கேட்காதீர்கள், அப்போது பாதுகாப்பு மட்டும்தான் வேலை. பக்கத்தில் உட்கார்ந்து, முகத்துக்கு நேராகப் பார்க்காமல், நடந்துகொண்டோ வண்டியில் போய்க்கொண்டோ பேசினால் இந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சுலபமாக வாய் திறக்கிறது. கண்டதைக் கண்டபடி சொல்லுங்கள்: "உன் பையில் ரெண்டு காலி பாட்டிலும் ஒரு அட்டையும் இருந்தது. எனக்குப் பயமா இருக்கு. கோபமா வரலை, பயமாத்தான் வருது. அதில் எதையாவது நீ எடுத்தியா? எப்போ, எவ்வளவு?" அப்புறம் நிறுத்திவிட்டு அவன் பதிலுக்குக் காத்திருங்கள். நாம்தான் அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் உபதேசத்தை ஆரம்பித்துவிடுகிறோம். "ஃப்ரெண்டோடது" என்றே மறுபடி சொன்னால், "சரி, அப்படின்னா அவனுக்கு ஆபத்து இருக்கு, அதைப் பத்திப் பேசுவோம்" என்று தொடருங்கள். நண்பனைப் பற்றிப் பேசுவது போலத் தன்னைப் பற்றிப் பேசுகிற பிள்ளைகள் நிறைய. உண்மையிலேயே நண்பனாக இருந்தால் அந்தப் பையனின் வீட்டுக்கும் தெரிய வேண்டும். ஆனால் சொல்லப்போகிறேன் என்பதை முதலில் உங்கள் மகனிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

கேட்கத் தயங்கும் ஒரு கேள்வியையும் கேட்டுவிடுங்கள்: "செத்துப்போகலாம்னு எப்பவாவது தோணுச்சா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, இது ஆராய்ந்து பார்த்த விஷயம். 'ஆமாம்' என்றால், அல்லது பதிலே சொல்லாமல் அழுதால், அன்றே மருத்துவரைப் பாருங்கள். அதுவரை அவனைத் தனியாக விடாதீர்கள். அப்படி இல்லையென்றாலும் ஒரு வாக்குக் கொடுத்து வையுங்கள்: "என்ன எடுத்திருந்தாலும், எந்த நேரமாக இருந்தாலும் என்னைக் கூப்பிடு. முதலில் ஆஸ்பத்திரி, அன்னிக்கு ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன்." அவன் நண்பர்களில் ஒருவன் விழுந்து கிடந்தாலும் இதே வாக்கு பொருந்தும் என்று சொல்லுங்கள். இந்த வாக்கை ஒருமுறை மீறினாலும் போதும், அடுத்த முறை அழைப்பு வராது. அவனை நம்ப முடியுமா என்று கேட்டீர்கள். இந்த வயதில் பயந்த பிள்ளை பொய் சொல்வது இயல்பு. பொய்யைக் கண்டுபிடிப்பதில் செலவழிக்கும் உழைப்பை, உண்மையைச் சொன்னால் அவனுக்கு நஷ்டமில்லை என்று ஆக்குவதில் செலவழிக்கச் சொல்வேன்.

பூட்டு விஷயத்துக்கு வருகிறேன். பூட்டலாம், பலன் உண்டு, ஆனால் எதற்கு என்று தெரிந்து பூட்டுங்கள். பிரிட்டனில் 1998இல் ஒரு பெட்டியில் விற்கும் பாராசிட்டமால் எண்ணிக்கையைக் கடைகளில் 16 ஆகவும் மருந்தகங்களில் 32 ஆகவும் குறைத்தார்கள். அதற்குப் பிறகு அந்த மருந்தால் நேரும் மரணங்கள் குறைந்ததை ஆய்வுகள் காட்டின. நொடியில் எடுக்கும் முடிவுக்குக் கையெட்டும் தூரத்தில் எவ்வளவு இருக்கிறது என்பது முக்கியம். ஆகவே பூட்டுவதற்கு முன் அளவைக் குறையுங்கள். காலாவதியானதையும் மீந்துபோனதையும் மருந்தகம் திரும்பப் பெற்றால் அங்கே கொடுங்கள், இல்லையென்றால் வேண்டாத குப்பையோடு கலந்து மூடிக் கட்டிப் போடுங்கள். பெரியவர்களின் தூக்க மாத்திரை, வலி மாத்திரை, இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளைத்தான் முதலில் பூட்ட வேண்டும். அவை இருமல் மருந்தைவிடப் பல மடங்கு ஆபத்தானவை. மீதியை எண்ணி ஒரு தாளில் எழுதி வையுங்கள், யார் எடுத்தாலும், நீங்கள் எடுத்தாலும் அதில் குறிக்கட்டும். எல்லோருக்கும் ஒரே விதி என்றால் அது அவனுக்குத் தண்டனையாகத் தெரியாது. ஆனால் போதைக்காகத் தேடும் பிள்ளையை வீட்டுப் பூட்டு நிறுத்தாது, வெளியில் வாங்கிவிடுவான். அங்கே பேச்சுதான் வேலை செய்யும். இன்னொன்று, தலை லேசாகக் கனத்தாலே மாத்திரையைத் தேடும் வீட்டில் வளரும் பிள்ளை, மாத்திரை என்றால் தீங்கில்லாதது என்றுதான் கற்றுக்கொள்கிறான். நம் பழக்கத்தையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் பிள்ளையின் வயதில் இது எவ்வளவு பரவலானது என்ற கவலைக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். அமெரிக்காவில் பள்ளி மாணவர்களிடம் ஆண்டுதோறும் எடுக்கும் பெரிய கணக்கெடுப்பில் 2006இல் முதல் முறையாக இருமல், சளி மருந்தைப் பற்றிக் கேட்டார்கள். அந்த ஆண்டு 12ஆம் வகுப்பு மாணவர்களில் ஏறக்குறைய 7 சதவீதம் பேர் முந்தைய ஒரு வருடத்தில் போதைக்காக எடுத்ததாகச் சொன்னார்கள். அடுத்த பத்து ஆண்டுகளில் அது ஏறக்குறைய பாதியானது. வேறு நாடுகளுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் இரண்டு விஷயம் புரியும்: பெரும்பாலான பிள்ளைகள் எடுப்பதில்லை, எடுக்கிற சிலர் எல்லா வகையான வீடுகளிலும் இருக்கிறார்கள்.

வழக்கமாக எடுத்திருக்கிறான் என்று தெரிந்தால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். கோடீன் என்றால் நீங்களாகவே ஒரேயடியாக நிறுத்த வைக்காதீர்கள், படிப்படியாகக் குறைக்க வேண்டியிருக்கலாம். பாராசிட்டமால் கலந்த மருந்து என்றால் கல்லீரல் இரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். போகும்போது காலி பாட்டில்கள், அவன் எடை, வேறு என்ன மருந்து எடுக்கிறான் என்ற விவரம் மூன்றும் கையில் இருக்கட்டும். தூக்கம், படபடப்பு, மனச்சோர்வு, கவனக் குறைபாடு இவற்றில் ஏதாவது அடியில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஏதோ ஒன்று இருக்கும், அதற்கு வைத்தியம் செய்தால்தான் மருந்தின் தேவை அவனுக்குக் குறையும். அப்புறம், மருத்துவரோடு அவன் தனியாகப் பேச அனுமதியுங்கள். நல்ல மருத்துவர் ஆரம்பத்திலேயே இருவர் முன்னாலும் சொல்லிவிடுவார்: இங்கே பேசுவது அவனுக்கும் எனக்கும் நடுவில் இருக்கும், உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் அம்மாவிடம் சொல்வேன் என்று. அவர் சொல்லவில்லையென்றால் நீங்களே கேளுங்கள்.